யார்க்‌ஷயரிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே இங்கிலாந்தில் நர்ஸ் வேலை சுலபமா, நீயும் ராஜினாமா செய்துவிட்டு வரலாமா என்று கேட்டிருந்தாய்.

சுலபமில்லை. பகல் டியூட்டி பன்னிரண்டரை மணி நேரம். எட்டு நோயாளிகளுக்கு நான் ஒருத்தி. உடன் இருப்பவர் உடல்நலமின்றி நின்றுவிட்டால் எண்ணிக்கை பன்னிரண்டாகும். குளிர்காலத்தில் படுக்கை கிடைக்காத முதியவர்களை மருத்துவமனை நடைக்கூடத்தில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்திப் பார்க்கிறோம். முதல் நாள் அதைக் கண்டபோது, உன் வார்டில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஆனால் வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்பது இங்கே வெறும் பேச்சல்ல. அதற்கு மேல் உழைத்தால் பணமாகவோ விடுப்பாகவோ திரும்பி வருகிறது. போன மாதம் ஓர் இரவு ஆள் போதாமல் ஒருவருக்கு ஆன்டிபயாடிக் ஊசி ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அதைக் கணினியில் நானே பதிந்தேன். பதியும்போது கை நடுங்கியது. மறுநாள் மேட்ரன் என்னை உட்கார வைத்து, எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டார். சென்னையில் நான் இருந்த தனியார் மருத்துவமனையில், இருபது பேருக்கு நான் ஒருத்தி என்று ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதியதற்கு, சூப்பரிண்டெண்ட் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கி, என் கையிலேயே கொடுத்தார். ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தன. இரண்டு ஆண்டு வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் முடியாமல் வாய் திறக்க முடியுமா? 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்த பிறகும், நான் வாங்கியது 11,000 ரூபாய், அதிலும் விடுதிக்குப் பிடித்தம் போக.

உன் கதை வேறு. அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வெழுதி 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தாய், இரண்டே ஆண்டில் நிரந்தரம் என்று நம்பி. 2017இல் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில், நிரந்தரம் கேட்டு நீ போராட்டத்தில் உட்கார்ந்திருந்ததை மறப்பேனா? 2022 டிசம்பரில் இங்கே ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. 1916இல் தொடங்கிய அச்சங்கம் இங்கிலாந்தில் நடத்திய முதல் வேலைநிறுத்தம் அதுவாம். வந்து சில மாதமே ஆன நான், விசா என்னாகுமோ என்று பயந்து உள்ளேயே வேலை பார்த்தேன். அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

நிரந்தரப் பட்டியலில் உன் பெயர் எந்த நேரமும் வரலாம் என்கிறாய். எனவே ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதே. இங்கே வருவதற்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யை மட்டும் எழுதி வை; கட்டணத்தை நான் அனுப்புகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தங்கை