வாள்பல் புலிக் கேள்வியின் விடையைத் திருத்துங்கள்

மாவட்ட அறிவியல் புதிர்ப்போட்டி ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

எந்தக் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். அன்று மேடையருகே வந்து நான் கேட்டபோது, "விடைத்தாளில் இருப்பதுதான் விடை, டீச்சர்" என்றீர்கள். அப்புறம் கடிதமும் கொடுத்தேன், பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: அந்த விடையைத் திருத்துங்கள்.

சிங்கம், வாள்பல் புலி, எதன் கடி வலிமையானது என்று கேட்டீர்கள். எங்கள் ஆறாம் ஆண்டு மாணவி சிங்கம் என்றாள். தவறு என்று சொல்லிவிட்டு, காரணத்தைச் சொல்ல வாயெடுத்த பிள்ளையை உட்காரச் சொன்னீர்கள். ஒரு புள்ளியில் தோற்றோம்.

அவள் சொன்னதுதான் சரி. ஸ்மைலோடான் என்பது வாள்போல் நீண்ட பல்லுடைய, அழிந்துபோன அந்த வாள்பல் புலியின் அறிவியல் பெயர். அதன் மண்டையோட்டைக் கணினியில் உருவாக்கிச் சோதித்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதே பருமனுள்ள சிங்கத்தின் கடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு இருந்தது. அவ்வளவு நீளமான பல்லை இரையின் கழுத்தில் இறக்க வாய் மிக அகலமாகத் திறக்க வேண்டும். அப்படித் திறக்க, கீழ்த்தாடையில் தசை பற்றும் எலும்பு முனை குட்டையாக இருக்க வேண்டும். முனை குட்டையானால் நெம்புகோலின் பலம் குறைந்துவிடும். அந்தக் குறையைக் கழுத்துத் தசைகள் ஈடுகட்டின, தலையையே கீழ்நோக்கி அழுத்திப் பல்லை இறக்கின.

இதை அவள் மனப்பாடம் செய்யவில்லை. மைலோ அட்டைப்பெட்டியில் தாடை செய்து, ரப்பர் வளையத்தை மூட்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை, தள்ளி ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். பக்கத்தில் மாட்டினால் வாய் நன்றாக விரிகிறது, ஆனால் ஒரு காகிதத்தைக்கூட இறுக்கிப் பிடிக்கவில்லை. வீட்டில் இணையம் சரியாக எடுக்காது, அதனால் செம்பனைக் குலை வெட்டும் அவளுடைய அப்பா, வேலை முடிந்த களைப்போடு மோட்டார் சைக்கிளில் அவளை டவுனுக்கு ஏற்றி வருவார். அந்தத் தட்டையான பல் பக்கவாட்டு விசையைத் தாங்காது என்று நான் சொன்னபோது அவர்தான் சட்டென்று, "எங்க அரிவாள் மாதிரிங்க டீச்சர், நேரா இழுத்தா குலை விழும், முறுக்கினா அலகு போயிடும்" என்றார். அதனால்தான் அந்த விலங்கு முதலில் பலமான முன்னங்கால்களால் இரையை அசையாமல் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று மகள் உடனே சொன்னாள். இந்த விளக்கத்தைத்தான் நீங்கள் மேடையில் கேட்க மறுத்தீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வமில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். ஆர்வத்தோடு வந்தவளை விடைத்தாளைக் காட்டி உட்கார வைத்தால் அடுத்த பிள்ளை எப்படிக் கை தூக்கும்? எங்கோ எடுத்த கேள்விகளைச் சரிபார்க்க ஒருவர்கூட இல்லையா? அன்று மாலை பள்ளி வேனில் அவள் யாரோடும் பேசவில்லை. அந்த அட்டைத் தாடை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன் என்கிறாள்.

மன்னிக்கவும், கோபத்தில் நீண்டுவிட்டது. கோப்பை எங்களுக்கு வேண்டாம், வென்ற பள்ளியே வைத்துக்கொள்ளட்டும். விடையை மட்டும் திருத்துங்கள். திருத்தியதை ஒரு வரிக் கடிதமாக, தயவுசெய்து, எனக்கோ தலைமையாசிரியருக்கோ அல்லாமல் அந்தப் பிள்ளையின் பெயருக்கே அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள், அதற்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
அவளுடைய அறிவியல் ஆசிரியை