மாத மாத்திரைக்கும் கால் வீக்கத்துக்கும் ஒரே டோக்கனா?

ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்துக்குமான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

ஜெய் ஹிந்த். ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். வீடு நெல்லிக்குப்பம் பக்கம். எந்த பாலிகிளினிக் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, டோக்கன் மேல்தான்.

போன மாதம் என் டோக்கன் 47. காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன் (பழைய வேலைப் புத்தி). பாதிப் பேருக்கு மேல் பிரஷர், சுகர் மாத்திரைக்கு வந்தவர்கள். அதே சீட்டு, அதே மருந்து. சிலர் வெளி ஆஸ்பத்திரிக்குப் போக ரெஃபரல் சீட்டு வாங்க. பெஞ்சு ஓரத்தில் ஒரு பெரியவர், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், கால் நுழையவில்லை. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மூச்சும் வாங்கியது. அவர் டோக்கன் 61. உள்ளே போய்ச் சொன்னேன். "வரிசைப்படிதான் சார்" என்றார்கள். அவரைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

ராணுவ யூனிட்டில், உடம்பு சரியில்லை என்று காலையில் வந்து சொல்லும் சிக் ரிப்போர்ட்டுக்கு, எம்.ஐ. ரூம் (யூனிட்டின் மருத்துவ அறை) வாசலில் ஆள் நிற்கும்போதே நாங்கள் பிரித்துவிடுவோம். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டர், கட்டு மாற்ற வந்தவன் நேரே டிரெஸ்ஸிங்குக்கு, மற்றவன்தான் டாக்டர் மேசைக்கு. இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கே அப்படிச் செய்தோம்.

2003 ஏப்ரல் 1-ல் திட்டம் தொடங்கியது. அந்தந்தப் பகுதியில் எத்தனை முன்னாள் படைவீரர்கள் என்று பார்த்து பாலிகிளினிக்குகளை ஏ, பி, சி, டி என்று வகை பிரித்தார்கள். சரி, தலைக்கணக்கு. அந்தத் தலைகளுக்கெல்லாம் இப்போது இருபது வயதுக்கு மேல் கூடிவிட்டதே!

மாத மருந்துக்குத் தனி ஜன்னல் வையுங்கள், ஆளுக்கொரு தேதி கொடுங்கள். பென்ஷன் ஏறியதும் முதல் வாரத்திலேயே போய்க் குவிவது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். நர்ஸ் பிரஷர் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் டாக்டரிடம் அனுப்பட்டும். முன்பதிவு கொண்டுவந்தால் எல்லா இடத்தையும் அதற்கே கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்குக் காலையில் நோவோடு வருகிறவருக்கும் கொஞ்சம் இருக்கட்டும். விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்குப் பத்து மணிக்கு மேல் நேரம் கொடுத்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவர வேண்டாம். அப்புறம், ஆப் மட்டும் போதாது. பட்டன் போனோடு தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு, தமிழில் பேசி முன்பதிவு செய்ய ஒரு போன் நம்பர் வேண்டும்.

அடுத்த மாதமும் வருவேன். எனக்கு மாத்திரை மட்டும்தான். என்னைக் கடைசியில் கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் நர்சிங் அசிஸ்டென்ட்,
கடலூர் மாவட்டம்