விசாவுக்காக மட்டும் ஒரு காப்பீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பாவில் ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கு விசா கோருவோர், தங்கும் நாள்கள் முழுமைக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீட்டைக் காட்ட வேண்டும் என்பதால், பயண முகவர்கள் அந்தத் தொகைக்குச் சரியாக ஒரு பாலிசியை எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுகிறார்கள். சென்ற கோடையில் எங்கள் குடும்பத்தின் ஆறு பேருக்கும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. சர்க்கரை நோய் உள்ள 71 வயது மாமியாரைப் பற்றி முகவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை (பெட்டி தொலைந்தால் கிடைக்கும் தொகையை மட்டும் விரிவாகச் சொன்னார்). ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான சிகிச்சைக்கு இழப்பீடு கிடையாது என்ற விதியைப் பொடி எழுத்தில் நானே தேடிப் படித்த பிறகு, கூடுதல் பிரீமியம் செலுத்தி அவருக்கு வேறு பாலிசி வாங்கினோம். நோய் விவரத்தைக் கேட்டுப் பதிவு செய்யாமல் முதியோருக்குப் பயணப் பாலிசி விற்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும்.

– வாசகி, மதுரை