நகத்தால் கீறிப் பார்த்தவருக்கு

ஏரிக்கரை நண்பர்களுக்கு வணக்கம்.

ஏரிக்கரையில் நட்ட மரக்கன்றுகளில் தீப்பிடித்த அந்த இரவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் மொண்டு ஓடிவந்தவர்கள், காய்ந்த கோரையை அறுத்துத் தீ தாண்டாமல் தடுத்த இளைஞர்கள், டிராக்டரில் தண்ணீர் டேங்க் கொண்டுவந்து வாடகை வாங்க மறுத்தவர், அழுத பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விட்ட ஆசிரியர்கள், புது நாற்று தருகிறோம் என்று விடியும் முன்பே சொல்லியனுப்பியவர்கள் என எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கரையில் ஆடு மேய்க்கும் அக்கா என்றால் உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, கருகிய கன்றுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு நிலத்தை உழுதுவிடலாம் என்று முடிவு செய்திருந்தோம். கடப்பாரையோடு நான் முதல் குழிக்குப் போனபோது அக்கா வந்தார். எதுவும் பேசவில்லை. கரிக்கட்டையாக நின்ற ஒரு புங்கங்கன்றின் அருகே குந்தி, அடித்தண்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். கருப்புக்குள் ஈரப் பச்சை தெரிந்தது. "இது சாகவில்லையே, ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

புல்லில் வேகமாக ஓடும் தீ தழையைத் தின்னுமே தவிர, சில விரற்கடை ஆழத்தில் மண்ணின் சூடு அவ்வளவாக ஏறாது. வேர் உயிரோடு இருந்தால் புங்கமும் நொச்சியும் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாத செய்தி அல்ல, பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று கண்ணுக்குத் தெரிந்த கருப்பையே முடிவு என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தார். பச்சை தெரிந்த கன்றுகளுக்கெல்லாம் பிள்ளைகள் துணி கட்டிக்கொண்டே போனார்கள். மேலே கீறிப் பச்சை இல்லையென்றால் ஒரு சாண் கீழே கீற வேண்டும், சுற்றிக் கீறினால் பட்டை போய்விடும், ஒரு கோடு போதும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் சேலை தீர்ந்தது. துணி கட்டாத கன்றுகள் இன்னும் இருந்தன. இளந்துளிர் மேலே வரும்வரை ஆடுகளை மறுகரைக்கு ஓட்டிக்கொள்கிறேன் என்று, யாரும் கேட்காமலே, சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சென்ற ஆண்டு வேலி போட்டபோது அவருடைய ஆடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தை அடைத்தது நாங்கள்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீ எப்படி வந்தது என்ற பேச்சில் அவரையும் சிலர் இழுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. 1977-இல் கென்யாவில் வங்காரி மாத்தாய் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது கிராமத்துப் பெண்களை நம்பித்தான் நாற்றங்கால்களை வளர்த்தார் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! தினமும் இந்தக் கரையில் நடக்கும் ஒருவரிடம் எந்த மரம் எங்கே பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தடத்தை இந்த வாரமே திறந்துவிடுகிறோம். இனி எங்கே நடுவது, எங்கே மேய்ச்சலுக்கு விடுவது என்பதை உங்களோடு கரையில் நடந்து பார்த்த பிறகே முடிவு செய்வோம். பிள்ளைகளின் அடுத்த இயற்கை நடையை நீங்களே நடத்தித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கோரை கிழங்கிலிருந்து முளைத்துவிட்டது. புங்கம் துளிர்த்திருக்கிறது. நீர்மருதுகளில் ஒன்றிரண்டு இன்னும் அசையவில்லை. ஆனால் நேற்றுக் கீறிப் பார்த்தபோது பச்சை இருந்தது.

ஞாயிறு காலை வருகிறவர்கள் பழைய பருத்தித் துணி இருந்தால் எடுத்து வாருங்கள். நைலான் வேண்டாம், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.