சாங்ஷன் என்றால் எப்போதும் அனுமதி இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

வெளிநாட்டு அலுவலகத்து மெயிலில் 'தி சப்ளையர் ஈஸ் அண்டர் சாங்ஷன்ஸ்' என்று இருந்ததை நீ அனுமதி என்று எடுத்துக்கொண்டதில் அதிசயம் இல்லை. பாளையங்கோட்டையில் லோன் சாங்ஷன் ஆயிட்டு, லீவு சாங்ஷன் ஆயிட்டு, அவ்வளவுதான். அரசாங்கத் தாளில் அது 'ஒப்பளிப்பு'. ஆனால் அந்த மெயிலில் இருப்பது தடை. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதித்ததும் அமெரிக்கா நம்ம நாட்டின் மேல் போட்டதும் சாங்ஷன்ஸ்தான். 2001 செப்டம்பரில்தான் விலக்கியது.

மூலம் லத்தீன். சட்டத்தை மீறக்கூடாததாக்கி உறுதிசெய்வதைக் குறித்த சொல். உறுதிசெய்வது ஒப்புதலாகவும், மீறினால் வரும் தண்டனை தடையாகவும் பிரிந்துவிட்டன. நெல்லையப்பர் கோயிலில் பூசைக்கு எழுதிவைக்கும் கட்டளையும் அதிகாரி போடும் கட்டளையும் ஒரே சொல் என்று இங்கே யாரும் குழம்புவதில்லையே. பக்கத்தில் நிற்கும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். இதுவும் அப்படித்தான்.

முதலில் வினைக்குப் பின்னால் வருவதைப் பாரு. 'சாங்ஷன்டு தி பிளான்' என்றால் திட்டத்துக்கு ஒப்புதல். 'சாங்ஷன்டு தி கம்பெனி' என்றால் கம்பெனிக்குத் தண்டனை. கடன், லீவு, திட்டம் மாதிரி கேட்டு வாங்குகிற பொருளென்றால் அனுமதி. ஆளோ நாடோ நிறுவனமோ வந்தால் பெரும்பாலும் தடை. பெயர்ச்சொல்லில் 'ஸ்' ஒட்டி, பின்னால் 'ஆன்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் சந்தேகமே வேண்டாம், தடைதான். 'இம்போஸ்', 'லிஃப்ட்' சேர்ந்தாலும் அதே. 'வித் தி சாங்ஷன் ஆஃப் தி போர்டு' என்பது ஒப்புதல்.

நல்ல பொருளிலும் ஒரு கண்ணி உண்டு. லோன் சாங்ஷன் கடிதம் வந்தால் பணம் வந்ததாக அர்த்தமில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் சரியான பிறகுதான் பட்டுவாடா. கடிதத்துக்குக் கெடு தேதியும் இருக்கும். அதை நம்பி வீடு விற்கிறவரிடம் தேதி சொல்லிவிட்டு முழிக்கிறவர்கள் நிறைய.

வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது நீ இந்தச் சொல்லையே தொடாதே. 'அப்ரூவ்டு' என்று போடு. தடை என்றால் எந்த நாடு எதற்குத் தடை போட்டது என்று முழுசாக எழுது. அந்த சப்ளையருக்கு ஆர்டர் போயிருந்தால் இன்றைக்கே நிறுத்தி வைக்கச் சொல்லு. சட்டப் பிரிவு பார்த்துச் சொல்லும்வரை பணம் அனுப்பிராத, ஏட்டி.

அம்மா