சூதாட்டத்தை விட்டவர்களைத் திரும்ப இழுக்கும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை கோரி மனு

அனுப்புநர்:
பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர்,
திருப்பூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனி உறையில் வைத்து இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம்,
சென்னை.

நாள்: 17.11.2025

பொருள்: ஆன்லைன் ரம்மி, பந்தயப் பழக்கத்தை விட்டவர்களைப் போனஸ் கொடுத்தும் போன் செய்தும் மறுபடி ஆட வைப்பது, ஜெயித்த பணத்தைத் தராமல் முடக்குவது ஆகியவை குறித்து விசாரிக்கவும், புகார் சொல்ல வருபவர்களுக்குப் பாதுகாப்பு தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 36 வயது. பத்தொன்பது வருடமாகத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைதான். மனைவி வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் எட்டாம் வகுப்பு. ஆன்லைன் சூதாட்டத்தில் நான் இழந்த பணம், பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்து நானும் மனைவியும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில், 5 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். அதில் எவ்வளவு என் தப்பு என்று எனக்குத் தெரியும். ஆடியது நான்தான், அதை யார் மேலும் தள்ளிவிட வரவில்லை. ஆனால் நான் இரண்டு முறை விட்டவன். இரண்டு முறையும் என்னைத் தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்த மனு.

2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது ரம்மி ஆப் ஒன்றில் ஆட ஆரம்பித்தேன். அடுத்த வருடக் கடைசிக்குள் மனைவியின் நாலு பவுன் செயின் அடகுக்குப் போனது, தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கினேன், கடன் ஆப்களிலும் மாட்டினேன். இந்தக் கதை ஆணையத்துக்குப் புதிதாக இருக்காது. கடன் தாங்காமல் உயிரை விட்டவர்களின் செய்திகள் அடுக்கடுக்காக வந்ததால்தானே 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் குழு அமைத்தார்கள்.

நான் விட்டது 2022 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏ.டி.எம். கார்டை அவளிடம் கொடுத்தேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு போட்டு மாதாமாதம் போனேன். அங்கிருந்த டாக்டர்தான், "இது கெட்ட புத்தி இல்லைப்பா, உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிற வியாதி, சர்க்கரை மாதிரி காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்று சொன்னார். அவர் சொல்லித்தான் அந்த ரம்மி ஆப் நிறுவனத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். என் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுங்கள், எனக்கு இனி எந்த மெசேஜும் அனுப்ப வேண்டாம், இந்தப் பழக்கத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகவே எழுதினேன். கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று ஒரு எண் வந்தது. அதோடு சரி.

பதினாலு மாதம் ஒரு ரூபாய்கூட ஆடவில்லை, ஐயா. பாதிக் கடனை அடைத்திருந்தேன்.

திருப்பூரில் எங்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம். 2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை 6.12 மணிக்கு, சம்பளக் கவரோடு கம்பெனி கேட்டைத் தாண்டும்போது மெசேஜ் வந்தது. என் பெயரைப் போட்டு, உங்களை ரொம்ப நாளாகக் காணோம், உங்கள் கணக்கில் 1,000 ரூபாய் போனஸ் போட்டிருக்கிறோம், இன்று இரவு 12 மணி வரைதான் செல்லும் என்று இருந்தது. அழித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போன். தமிழில், மரியாதையாக, "சார் நல்லா இருக்கீங்களா" என்று ஒரு பெண் கேட்டார். என் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜராம். போனஸை 2,000 ஆக்கித் தருவதாகச் சொன்னார். முன்பு நான் பணம் போட்டதெல்லாம் சனிக்கிழமைகளில்தான். அது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நோய் என்று நானே எழுதிக் கொடுத்த ஈமெயிலும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை நான் ஆடிவிட்டேன்.

அப்புறம் நடந்ததில் ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் என் கணக்கில் 38,400 ரூபாய் சேர்ந்தது. அதை எடுத்தால் செயினை மீட்டுவிடலாம் என்று உடனே வித்டிரா கொடுத்தேன். பணம் போடும்போது ஐந்து நொடியில் போய்ச் சேருகிறது. எடுக்கும்போது 48 மணி நேரம் ஆகும் என்று வந்தது. அந்த 48 மணி நேரமும் அந்தத் தொகை திரையில் தெரிந்துகொண்டே இருந்தது. பக்கத்திலேயே ஒரு பச்சைப் பட்டன், "ரத்து செய்து ஆட்டத்தைத் தொடர". இரண்டாம் நாள் ராத்திரி 1.40 மணிக்கு, பிள்ளைகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்க, போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்தினேன். 3.10-க்கு எல்லாம் போய்விட்டது. பாத்ரூமில் உட்கார்ந்திருந்த என்னைத் தேடி மனைவி எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மறுபடியுமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிரிட்டனில் இந்த மாதிரி வித்டிராவைத் திரும்ப இழுக்கும் பட்டனையே அந்த நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2021-ல் தடை செய்துவிட்டது. இதை நான் பின்னால் படித்தேன். நம் ஆணையமும் இந்த வருடம் பிப்ரவரியில் போட்ட விதிமுறைகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்றும், பணம் போடுவதற்குத் தினசரி, வார, மாத உச்சவரம்பு வேண்டும் என்றும் சொன்னது. நிறுவனங்கள் வழக்குப் போட்டபோது சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் 3 அன்று அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. 1.40 மணி என்பது எப்படிப்பட்ட நேரம் என்று யாருக்கோ புரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் ஒருமுறை 9,250 ரூபாய் மிச்சம் இருந்தது. எடுக்கப் போனால் பான் கார்டு, பாஸ்புக் படம், செல்ஃபி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாம் கொடுத்தேன். பிறகு, போனஸ் நிபந்தனையை மீறிவிட்டேன் என்று கணக்கையே முடக்கிவிட்டார்கள். போனஸ் தொகையை இத்தனை மடங்குக்கு ஆடினால்தான் பணம் எடுக்க முடியும் என்பது அந்த நிபந்தனையாம். கூப்பிட்டுப் போனஸ் கொடுத்தபோது அந்த அம்மா அதைச் சொல்லவில்லை. நான் கையெடுத்துக் கேட்டபோது மூடாத கணக்கை, என் பணத்தைக் கேட்டபோது ஒரே நாளில் பூட்டினார்கள்.

அந்த வருடம் மே மாதத்திலிருந்து மறுபடி விட்டேன். இந்த முறை இரண்டு வருடத்துக்கு மேல். கடந்த ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கொடுத்தார். பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். சின்னவள் எதுக்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

செப்டம்பரில் ஆசியக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. என் பெயரோடு. கிரிக்கெட் ஐடி (பந்தயம் கட்டுவதற்கான கணக்கு) வேண்டுமா, முதல் டெபாசிட்டுக்கு இரண்டு மடங்கு என்று. பிளாக் செய்தேன். வேறு எண்ணிலிருந்து வந்தது. அதையும் செய்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, கம்பெனியில் போனஸ் போட்ட வாரம், ஏழாவதோ எட்டாவதோ எண்ணிலிருந்து வந்தபோது என்னால் முடியவில்லை. 23,000 ரூபாய் போட்டேன். மூன்று தடவையாகப் போட்டதில் மூன்றும் வேறு வேறு ஆட்கள் பெயரில் இருந்த யுபிஐ. ஜெயித்ததாகக் காட்டிய 61,000-ஐக் கேட்டபோது, முதலில் 30 சதவீதம் வரி கட்டினால்தான் விடுவிப்போம் என்றார்கள். வருமான வரிச் சட்டப்படி அந்த 30 சதவீதத்தை நிறுவனமே ஜெயித்த தொகையில் பிடித்துக்கொண்டு கட்ட வேண்டும், ஆடியவன் தன் கையிலிருந்து முன்கூட்டிக் கட்டத் தேவையில்லை என்று எனக்குத் தம்பி முறையாகும் ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொன்னதால் அதோடு நின்றேன். இல்லையென்றால் அதற்கும் கடன் வாங்கியிருப்பேன்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யச் சொன்னான். காவல் நிலையத்துக்கும் போனேன். "ஆடினதே குத்தம், எழுதிக் கொடுத்தா உன் மேலயும் கேஸ் வரும், பரவால்லியா?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2022-ம் வருடத்து மாநிலச் சட்டத்தில் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. மத்திய அரசின் 2025 சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது, நடத்துபவருக்குத்தான் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். நான் எந்தச் சட்டத்தில் குற்றவாளி, எந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவன் என்று தெரியாமல், அன்று புகாரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். என்னைப் போல எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஐடி விற்பவர்களுக்கு இந்தப் பயம்தான் முதலீடு.

அதனால் நான் முதலில் வேண்டுவது இதைத்தான். சூதாட்டத்தில் பாதிக்கப்பட்டுத் தானாகப் புகார் சொல்ல வருபவர் மீது அந்தப் புகாரை வைத்து வழக்குப் போட மாட்டோம் என்று அரசு எழுத்துமூலம் உத்தரவிட ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். அந்த உத்தரவு எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். இது ஒன்று நடந்தாலே மற்றதில் பாதி தானாக வெளியே வரும்.

இரண்டாவது, என் பெயரும் எண்ணும் அந்த வாட்ஸ்அப் ஆட்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பது. பழைய நிறுவனம்தான் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை, நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் கேட்டு வாங்கி விசாரிக்க வேண்டிய இடத்தில் ஆணையம் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்ட நிறுவனங்களிடம் எங்கள் போன் எண், ஆதார், எந்தக் கிழமை எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு எல்லாம் இன்னும் இருக்கும். எங்களைப் போன்றவர்களின் விவரம் சந்தையில் என்ன விலை போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விவரங்களை என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். விசாரணைக்கு வேண்டியதை ஆணையம் வாங்கி வைத்துக்கொண்டு, மீதியை அழிக்கச் சொல்ல வேண்டும். அழிப்பதற்கு முன் ஆடியவர் கேட்டால் அவருடைய முழு வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும், முடக்கிய இருப்பைத் திருப்பித் தர வேண்டும். என் 9,250 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது ஒன்றரை வாரச் சம்பளம்.

கணக்கை மூடச் சொல்லி எழுதியவர்களுக்கு அதன் பிறகு போனஸ் அனுப்பிய, போன் செய்த ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாக எடுத்து விசாரிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பிரிட்டனில் 2018-லிருந்து ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அதில் ஒருவர் தன் பெயரைப் பதிந்துவிட்டால் அங்கே உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் சூதாட்ட நிறுவனமும் அவரை ஆட விடக்கூடாது. நம் ஊரில் ஆட்டமே தடை என்றாகிவிட்ட பிறகு பதிவேடு எதற்கு என்று தோன்றலாம். வாட்ஸ்அப்பில் வருகிறவன் சட்டத்தைப் பார்ப்பதில்லை, நிஜம்தான். ஆனால் என் பேங்க் பார்க்கும். இந்தக் கணக்கிலிருந்து சூதாட்டத்துக்குப் பணம் போகிற மாதிரி தெரிந்தால் நிறுத்திவிட்டு என் மனைவிக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள் என்று நானே எழுதிக் கொடுத்து வைக்க ஒரு வழி வேண்டும். ஆணையம் வங்கிகளோடு பேசினால் இது நடக்கக்கூடியதே.

மருத்துவம் பற்றியும் ஒரு வார்த்தை. 104 மருத்துவ உதவி எண்ணிலும் 14416 மனநல உதவி எண்ணிலும் பேசுபவர்கள் அன்பாகத்தான் பேசுகிறார்கள், நான் பேசியிருக்கிறேன். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குடி நோயாளிகளுக்கு இருப்பது போலச் சூதாட்டத்துக்கென்று வாரத்தில் ஒரு நாள், அதுவும் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், லீவு போடாமல் வர முடியும். சனிக்கிழமை ராத்திரிதான் எங்களுக்கு ஆபத்து. ஞாயிறு காலையில் போய் உட்கார ஒரு இடம் இருந்தால் போதும்.

2022-ல் அனுப்பிய ஈமெயிலின் நகல், அவர்கள் கொடுத்த பதிவு எண், போனஸ் மெசேஜ்களின் படங்கள், மூன்று யுபிஐ ரசீதுகள், வாட்ஸ்அப் உரையாடல், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் நானும் மனைவியும் வருகிறோம். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தெரியக்கூடாது என்பதால் என் பெயரை வெளியிடாமல் காக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேற்றும் ஒரு புது எண்ணிலிருந்து மெசேஜ் வந்தது. அழிக்காமல், பதில் சொல்லாமல், போனை அப்படியே மனைவியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அந்தப் போனையும் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம் தனி உறையில்)

இடம்: திருப்பூர்
நாள்: 17.11.2025