இளங்குதிரைகளை எங்களிடம் பழக்கத் தரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் லாயத்தில் 8 வாரங்கள் பழக்கப்பட்ட 4 வயதுப் பெண் குதிரை ஒன்று, வீடு திரும்பிய முதல் மாதத்திலேயே தன் உரிமையாளரைக் கீழே தள்ளிவிட்ட செய்தி உங்களில் பலரை எட்டியிருக்கும். சிலர் நேரில் கேட்டீர்கள். கேட்கத் தயங்கியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். விழுந்தவர் தேறிவருகிறார் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவர் வருத்தத்தில் சொன்ன சொற்களை நாங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால், “அடித்துப் பழக்கியிருப்பார்கள், அதனால்தான் மிரளுகிறது” என்று ஒரு பேச்சு கிளம்பிப் பரவிவருகிறது. அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களிடம் வரும் குட்டியின் முதுகில் முதல் வாரத்தில் சேணமே ஏறுவதில்லை. முதலில் கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் காலம்; சிலவற்றுக்குக் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால், கடிவாள இரும்பு உட்காரும் இடத்தை ஒட்டியே, ஒரு சின்னஞ்சிறு பல்லும் இருக்கும். அந்த வலியில் தலையை உதறும் குட்டியைப் பலர் முரட்டுக் குட்டி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிறகுதான் கயிற்றில் பாடம் தொடங்கும். கயிற்றை மெல்ல அழுத்திப் பிடிக்கிறோம். குட்டி ஓரடி முன்வைத்த அந்தக் கணமே தளர்த்துகிறோம். அழுத்தம் விலகியதே அதற்குக் கிடைக்கும் பரிசு. அதைத் தருவதில் ஓரிரு நொடி பிந்தினாலும் குட்டி வேறெதையோ கற்றுக்கொண்டுவிடும் என்பதால், எங்கள் தொழிலின் நுணுக்கம் பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. அடிபட்டு அஞ்சிய குதிரை தப்பியோடும் வழியைத் தவிர வேறெதையும் கற்காது. அறத்துக்காக மட்டுமல்ல, பிழைப்புக்காகவும் நாங்கள் சாட்டையை நம்புவதில்லை.

அப்படியானால் அது ஏன் தள்ளியது என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தெரிந்தவரை, வீட்டுக்குப் போனபின் 3 வாரங்கள் யாரும் ஏறாமல், முழுத் தீனியுடன் அது லாயத்திலேயே நின்றிருக்கிறது. ஒரு களத்தில் கற்றதைக் குதிரை இன்னொரு களத்துக்கு அப்படியே எடுத்துச்செல்வதும் இல்லை. புது வேலி, புது நிழல், புது ஓசை ஒவ்வொன்றையும் அது முதலிலிருந்து எடைபோடும். இந்த நிலையில் ஏறியவர் பதற்றத்தில் கால்களால் இறுக்கி, கைகளால் கடிவாள வாரையும் இழுத்திருக்கிறார். போ என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் கட்டளை கிடைத்தால் இளங்குதிரை என்ன செய்யும்? இதை அவர்மேல் பழியாகச் சொல்லவில்லை. பயிற்சியைக் காண அவர் வந்தது இரண்டே முறை. நாங்கள் எத்தனை முறை அழைத்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கடைசி 2 வாரங்களில் எங்கள் மூத்த பயிற்சியாளர் பணியிலிருந்து விலகிவிட்டதால் வேறொருவர் அதன்மேல் ஏறினார் என்பதும் உண்மையே, அவரும் கைதேர்ந்தவர்தான்.

ஆயினும் எங்கள் பக்கம் ஒரு குறை உண்டு. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், குட்டியைப் பழக்குபவரிடம் விடுவதும் பிள்ளையைத் தொழில் கற்க அனுப்புவது போன்றதே என்றும், திரும்பும்போது அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நாங்களோ இதுவரை வாய்ப்பேச்சை நம்பினோம். இனி அதை எழுதித் தருவோம். கடைசி 2 வாரங்களில் உரிமையாளர் குறைந்தது 6 முறையாவது எங்கள் கண்முன்னே தம் குதிரையில் ஏறிப் பழகிய பிறகே அதை அனுப்பிவைப்போம். அடுத்த மாதம் முதல் கட்டணத்திலும் காத்திருப்பிலும் சிறு மாற்றம் இருக்கும்.

2 வயதுக் குட்டியைக் கொண்டுவந்து விரைவில் ஏறவேண்டும் என்று கேட்போரிடம் நாங்கள் மறுப்பதையும் தவறாக எண்ண வேண்டாம். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்தட்டு, அதாவது எலும்பு நீள இடம்தரும் குருத்தெலும்பு, எலும்பாகி மூடவே ஏறத்தாழ இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முதிர ஐந்தரை வயதையும் தாண்டும். அதனால்தான் சிறு சிறு பாடங்கள், இடையிடையே ஓய்வு. குதிரையும் புதிது, ஏறுபவரும் புதியவர் என்றால், சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

இந்தப் பேச்சு கிளம்பிய பின்னும் தங்கள் இரண்டாவது, மூன்றாவது குட்டிகளை எங்களிடமே கொண்டுவந்து விட்டவர்களுக்கும், தொலைபேசியில் அழைத்து “நடந்தது என்ன” என்று எங்களிடமே கேட்டவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்த நம்பிக்கையில்தான் காலையில் லாயத்தைத் திறக்கிறோம்.

அந்தப் பெண் குதிரையை மேலும் 4 வாரங்கள் கட்டணமின்றிப் பழக்கித் தருவதாக அதன் உரிமையாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அது நின்ற கொட்டடியை வேறு குதிரைக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
லாய உரிமையாளர்